பழைய ரோடு சைக்கிளில் அலுவலகம் போகலாமா?

கேள்வி: வேளச்சேரியில் குடியிருக்கிறேன். அலுவலகம் துரைப்பாக்கத்தில்; ஒரு வழிக்குச் சுமார் ஒன்பது கிலோமீட்டர். வாடகைக் கார் செலவு கட்டுப்படியாகவில்லை, சைக்கிளுக்கு மாறலாம் என்றிருக்கிறேன். ஐந்து வருடம் ஓடிய அலுமினிய ரோடு சைக்கிள் (வளைந்த ஹேண்டில்பாரும் ஒல்லி டயரும் உள்ள ரகம்) ஒன்று 22,000 ரூபாய்க்கு வந்திருக்கிறது. பின்னால் ஒன்பது கியர், டயர் 700×23, ஃபிரேம் அளவு 56 செ.மீ. என் உயரம் 5 அடி 7 அங்குலம். சொந்தக்காரர் கனடா போய்விட்டார், பில் தொலைந்துவிட்டது, அவருக்காக விற்றுத் தருகிறேன் என்கிறார் சைக்கிளைக் கையில் வைத்திருப்பவர். ஆயிரம் ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். வாங்கலாமா?

பதில்: இந்தச் சைக்கிளை வாங்காதீர்கள். இன்னும் நான்காயிரம் குறைக்கிறேன் என்றாலும் வேண்டாம். பழைய ரோடு சைக்கிளே கூடாது என்று சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களில் மூன்று தனித்தனியாகவே போதும், இதை மறுக்க: அளவு, டயர், கனடா.

அளவை முதலில் முடித்துவிடலாம். 5 அடி 7 அங்குல உயரத்துக்குப் பெரும்பாலான நிறுவனங்களின் அளவில் 52 அல்லது 54 பொருந்தும். 56 உங்களுக்கு நீளம். “சீட்டை இறக்கிக்கொள்ளலாம் சார்” என்று விற்பவர் சொல்லியிருப்பார், எல்லோரும் சொல்வதுதான். சீட்டை இறக்கினால் உயரம் குறையும், சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையிலுள்ள தூரம் பெரிதாகக் குறையாது. ரோடு சைக்கிளில் உடம்பு முன்னால் சாய்ந்தே இருக்கும். அந்தத் தூரம் இரண்டு விரல்கடை கூடினாலே கையை நீட்டிக்கொண்டு ஓட்ட வேண்டிவரும்; முதல் வாரம் மணிக்கட்டு வலிக்கும், அடுத்த வாரம் கழுத்து. பிறகு சைக்கிள் பால்கனிக்குப் போய்விடும். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றி ஓரளவு சமாளிக்கலாம்தான். சொந்தச் சைக்கிளுக்குச் செய்கிற சிகிச்சை அது. அதை நம்பி ஒரு சைக்கிளை விலை பேசக் கூடாது.

அடுத்தது டயர். 23 என்பது மில்லிமீட்டரில் அதன் அகலம். இந்த டயரில் ஏறக்குறைய 100 பி.எஸ்.ஐ. காற்று நிற்க வேண்டும். சற்றுக் குறைந்தாலும், பள்ளத்தின் விளிம்பில் இடிக்கும்போது டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் நசுங்கி அருகருகே இரண்டு ஓட்டை விழும். நீங்கள் போகும் வழி எனக்குத் தெரியும். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகப் பழைய மகாபலிபுரம் சாலை தோண்டப்பட்டதிலிருந்து, ஒட்டுப்போட்ட தாரும் பள்ளத்தை மூடிய இரும்புத் தகடும் எங்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் நின்றால் பள்ளம் எது, சாலை எது என்பதே தெரியாது. சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் மிக அழகான கொள்கை. அதை நம்பி 23 டயரோடு தெருவில் இறங்காதீர்கள்.

போதாக்குறைக்கு, இந்த டியூப்களில் பெரும்பாலும் பிரெஸ்டா என்ற ஒல்லியான வால்வு இருக்கும். பெட்ரோல் பங்கின் காற்றுக் குழாய் அதில் நேரடியாகப் பொருந்தாது. ஒரு சின்னப் பித்தளைத் திருகு வேண்டும். தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரிடம் அந்த அளவு டியூப்பும் இருக்காது. இதில் அவர் தப்பு ஒன்றுமில்லை, அவரிடம் யார் கேட்கிறார்கள்? ஆகவே மாற்று டியூப் ஒன்றும் கைப்பம்பும் எப்போதும் பையில் இருக்க வேண்டும். இருபது நிமிடத்தில் நீங்களே டியூப் மாற்றக் கற்றுக்கொள்ள மாட்டீர்கள் என்றால், பழையதோ புதியதோ, ரோடு சைக்கிள் உங்கள் அலுவலகப் பயணத்துக்குத் தோதல்ல.

நம் ஊரில் தினமும் வேலைக்குப் போக 28 அகலமாவது வேண்டும். ‘டயரை மாற்றிக்கொண்டால் போயிற்று’ என்பீர்கள். எல்லா ஃபிரேமிலும் அது ஏறாது. பழைய மாடல்கள் பலவற்றில் பிரேக்கின் அடியில் 25 நுழைவதே பெரும்பாடு. சோதிக்க ஒரு பென்சில் போதும். 23 டயர் இருக்கும்போதே டயரின் மேற்புறத்துக்கும் பிரேக்குக்கும் நடுவில் பென்சில் தாராளமாக நுழைய வேண்டும். பக்கவாட்டிலும் நல்ல இடைவெளி தெரிய வேண்டும். நுழையவில்லை என்றால் 28 கிடையாது, முழு மட்கார்டும் கிடையாது. மழை நாளில் பின்சக்கரம் வாரி அடிக்கும் சேறு உங்கள் சட்டையின் முதுகில்தான் இருக்கும். பின்பக்கம் சக்கர அச்சுக்கு அருகில் கேரியர் மாட்டத் திருகுத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். மடிக்கணினியை முதுகில் சுமந்துகொண்டு மே மாதத்தில் ஒன்பது கிலோமீட்டர் மிதித்தால், அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் செய்யும் முதல் வேலை குளிப்பதாகத்தான் இருக்கும். அதற்கு உங்கள் அலுவலகத்தில் வசதி உண்டா?

இனி அந்தக் கனடாக்காரர்.

பழைய சைக்கிள் விற்பனையில் ஒரு கூட்டம் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாகன நிறுத்தத்தில் தூசி படிந்து கிடக்கும் சைக்கிள்களை, அங்கே வேலை செய்பவர் யாரையாவது பிடித்து மூவாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் தூக்கிவிடுவார்கள். கழுவி, செயினில் எண்ணெய் விட்டு, ஹேண்டில்பாருக்குப் புது நாடா சுற்றி, உரிந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டினால் விலை இருபதாயிரம். சைக்கிளின் சொந்தக்காரர் மட்டும் எப்போதும் வெளிநாட்டில்தான் இருப்பார். கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி என்று ஊர் மாறும், கதை மாறாது. உங்களிடம் வந்த விளம்பரத்தில் உள்ள கைப்பேசி எண்ணை இணையத்தில் தேடிப் பாருங்கள். அதே எண்ணில் இன்னும் நான்கு சைக்கிள் விற்பனைக்கு இருந்தால், அவர் யாருக்கும் நண்பர் இல்லை, வியாபாரி. வியாபாரம் செய்வதில் தவறில்லை. வியாபாரி பில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பில்லை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று கேட்கலாம். சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. ஒரு காலத்தில் நகராட்சிகள் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு ஒரு வில்லையாவது கொடுத்தன; இப்போது அதுவும் இல்லை. ஒரு லட்ச ரூபாய் சைக்கிளாக இருந்தாலும் அது யாருடையது என்று அரசிடம் எந்தப் பதிவும் இல்லை. திருட்டுப் போனால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குவதற்கே நாலு முறை நடக்க வேண்டும். ‘சைக்கிள்தானே’ என்ற பார்வையைத் தாண்டிப் புகார் உள்ளே போகாது. இந்த அலட்சியத்தில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

அலட்சியம் உங்களைக் காப்பாற்றும் என்று மட்டும் எண்ண வேண்டாம். உண்மையான சொந்தக்காரர் பில்லோடு வந்து நின்றால் சைக்கிள் அவருடையது. விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது என்பது 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்திலேயே இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவில் குற்றம். பில் இல்லை, விற்றவர் சொந்தக்காரர் இல்லை, ஃபிரேமில் பதித்த எண்ணும் சுரண்டப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். இத்தனையும் பார்த்த பிறகுமா சந்தேகம் வரவில்லை என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

அந்த எண் எங்கே இருக்கும் என்றால், பெரும்பாலும் பெடல் அச்சு போகும் குழாயின் அடிப்பக்கம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். எழுத்துகள் பதிந்த பள்ளம் தெரிய வேண்டும். அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் கெட்டியாக இருந்தாலோ, உப்புத்தாள் தேய்த்த கீறல் தெரிந்தாலோ பேரமே பேச வேண்டாம்.

பில் இல்லாமலும் வாங்கக்கூடிய ஒரு சந்தர்ப்பம் உண்டு. ‘எல்லோரும் பில் வைத்திருப்பார்களா?’ என்ற கேள்வி எனக்கு ஓயாமல் வருவதால் அதை விளக்கமாகவே சொல்கிறேன். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் சைக்கிளைப் பெட்டியில் கட்டி எடுத்து வருகிறார்கள். மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து அப்பாவிடம் விட்டுப்போவதும் உண்டு. இங்கே வாங்கிய பில் இவர்களிடம் எப்படி இருக்கும்? இப்படிப்பட்ட சைக்கிளை வாங்கலாம். ஆனால் சொந்தக்காரரோ அவர் வீட்டாரோ நேரில் இருக்க வேண்டும். பேச்சு அவர்கள் வீட்டில் நடக்க வேண்டும், பூங்கா வாசலில் அல்ல. சைக்கிளோடு அவர் நிற்கும் பழைய புகைப்படங்களைக் கேளுங்கள். ஆசைப்பட்டு வாங்கியவரிடம் படம் இல்லாமல் இருக்காது. வாங்கிய கடையின் மின்னஞ்சலைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள், பலரிடம் கிடைக்கும். ஒரு வெள்ளைத்தாளில் ஃபிரேம் எண், நிறம், விலை, தேதி எழுதி, ‘இது என் சொந்தச் சைக்கிள், இன்னாருக்கு விற்றுவிட்டேன்’ என்று கையெழுத்து வாங்கி, அடையாள அட்டை நகலை இணைத்துக்கொள்ளுங்கள். பணத்தை அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். மைத்துனர் எண்ணுக்கு அனுப்புங்கள் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். இவற்றில் ஒன்றுக்கு முகம் சுளித்தாலும் இந்த விதிவிலக்கு அவருக்கு இல்லை. இன்னொன்று: அமெரிக்காவிலிருந்து வந்த சைக்கிளில் முன்பிரேக் பெரும்பாலும் இடக்கையில் இருக்கும். நம் ஊர்ச் சைக்கிளில் அது வலக்கைப் பக்கம். பழக்கத்தில் இடக்கையை அழுத்தி முன்சக்கரத்தைப் பூட்டிவிட்டால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். பிரேக் கம்பிகளை இடம் மாற்றிய பிறகே தெருவில் இறக்குங்கள்.

உங்கள் ஆளுக்கு வருவோம். கனடா நண்பரைக் காணொலி அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தந்தால் நல்லது. தராவிட்டால், ஆயிரம் போகிறதே என்று இன்னும் 21,000 ரூபாயைப் பின்னாலேயே அனுப்பாதீர்கள்.

வேறு சைக்கிள் பார்க்கப் போகும்போது பள்ளிப் பிள்ளைகளின் 12 அங்குல ஸ்கேலும் 5 மில்லிமீட்டர் ஆலன் சாவியும் எடுத்துப்போங்கள். செயினின் கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். புதுச் செயினில் 12-ஆம் அங்குலத்தில் இன்னொரு பின் சரியாக வந்து நிற்கும். அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி நின்றால் செயின் மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு தள்ளிவிட்டால் பின்னாலுள்ள பல்சக்கரத் தொகுதியும் தேய்ந்திருக்கும், செலவு அங்கே ஏறும். ஆலன் சாவியால் சீட் கம்பியைத் தளர்த்தி மேலும் கீழும் அசையுங்கள். கடற்காற்றும் வியர்வையும் சேர்ந்து ஃபிரேமுக்குள்ளேயே கம்பியை இறுக்கிவிடும்; அசையவில்லை என்றால் வாங்க வேண்டாம். ரிம்மில் பிரேக் கட்டை உரசும் பட்டையை விரல் நகத்தால் தடவுங்கள். குழிந்திருந்தால் ரிம் மெலிந்துவிட்டது. கோட்டம் எடுத்துவிடலாம், மெலிந்த ரிம்மை ஒன்றும் செய்ய முடியாது. பிரேக் பிடியோடு சேர்ந்த கியர் விசையை எல்லாக் கியருக்கும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். அது கெட்டால், மாற்றும் செலவு சைக்கிள் விலையில் பாதியை விழுங்கிவிடும். கார்பன் ஃபிரேம் பழையதாக வேண்டவே வேண்டாம்; உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

நல்ல சைக்கிளாக அமைந்தாலும் 28 டயர் இரண்டு, டியூப், செயின், பிரேக் கட்டை, கம்பி, கூலி என்று ஐந்தாயிரத்துக்குக் குறையாது. அதை விலையோடு கூட்டுங்கள். நீங்கள் சொல்லும் பணத்துக்கு, நேரான ஹேண்டில்பாரும் 35 டயரும் உள்ள ஹைபிரிட் சைக்கிள் புதிதாகவே கிடைக்கிறது, பில்லோடு. வேளச்சேரி–துரைப்பாக்கம் வழிக்கு என்னைக் கேட்டால் அதுதான். வளைந்த ஹேண்டில்பார் மேல் ஆசை விடவில்லை என்றால் 54 அளவில் தேடுங்கள்.

விலை பேசும்போது ஒன்றை மறக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரிக்கு முன் 30,000 ரூபாய் என்றால் முன்பு 33,600, இப்போது 31,500. பழைய சைக்கிள் விற்பவர்கள் தாங்கள் வாங்கிய நாளின் விலையையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதே மாடலின் இன்றைய கடை விலையைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். ஐந்து வருடம் ஓடிய சைக்கிளுக்கு அதில் பாதிக்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.