கப்படோக்கியா பலூன் பயணம்: முன்பணம் கட்டுமுன் எழுத்தில் பெற வேண்டியவை

கேள்வி: அக்டோபரில் குடும்பத்துடன் துருக்கி செல்கிறோம், கப்படோக்கியாவின் கோரெமே ஊரில் மூன்று இரவுகள் தங்குகிறோம். சூரிய உதயத்தில் வெப்பக்காற்று பலூனில் பறப்பதற்கான கட்டணத்தையும் சேர்த்துச் சென்னையிலுள்ள பயண முகவர் மொத்தத் தொகை கேட்கிறார். பலூன் பயணம் கடைசி நாள் காலை என்று நிரலில் இருக்கிறது. 'எக்காரணத்தாலும் தொகை திருப்பித் தரப்படாது' என்ற வரியும் இருக்கிறது. இணையத்தில் ஏறக்குறைய பாதி விலைக்கும் பயணச்சீட்டு கிடைக்கிறது. எதை வாங்கலாம்? என் தாயாருக்கு வயது 68, முழங்கால் வலி உண்டு. மகனுக்கு வயது 5. (திருச்சி வாசகி)

பதில்: விலையை ஒப்பிடுவதற்கு முன் அந்த ஒரு வரியை நீக்கச் சொல்லுங்கள். முகவர் நீக்க மறுத்தால், பலூன் பயணத்தை மட்டும் அவருடைய தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டு நீங்களே தனியாக முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

காரணம் இதுதான். பலூன் மேலே எழும்புமா என்பதை முகவரோ, பலூன் நிறுவனமோ முடிவு செய்வதில்லை. கப்படோக்கியாவில் ஒவ்வொரு நாளும் காற்றின் நிலையைப் பார்த்துத் துருக்கியின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமே அனுமதி அளிக்கிறது. பச்சைக் கொடி என்றால் பறக்கலாம், மஞ்சள் என்றால் காத்திருக்க வேண்டும், சிவப்பு என்றால் அன்று எந்த நிறுவனமும் பறக்க முடியாது. பலூனோட்டியின் கையில் இருப்பது பர்னரும், வெப்பக்காற்றை வெளியேற்றும் திறப்பும் மட்டுமே. அவற்றைக் கொண்டு அவர் ஏறலாம், இறங்கலாம். திசையையோ, வெவ்வேறு உயரங்களில் வீசும் காற்றுதான் தர வேண்டும். வெயில் ஏறித் தரை சூடானால் பள்ளத்தாக்குகளிலிருந்து காற்று மேலெழுந்து நிலைகுலைந்துவிடும் என்பதால்தான் விடியற்காலையில் பறக்கிறார்கள். சூரிய உதயக் காட்சி அதனுடன் சேர்ந்து கிடைக்கும் பேறு. ஆகவே ரத்தாவது என்பது இந்தப் பயணத்தில் எதிர்பாராத விபத்தன்று, இயல்பாகவே நிகழக்கூடியது. வானிலையால் பயணம் நின்றால் அங்குள்ள நிறுவனங்கள் பொதுவாக வேறு நாள் தருகின்றன, அல்லது பணத்தைத் திருப்பித் தருகின்றன. உங்கள் முகவரின் வரியை ஏற்றுக்கொண்டால், நிறுவனம் திருப்பித் தரும் தொகை உங்களை வந்து சேராமல் அவரிடமே தங்கிவிடலாம்.

அடுத்து, நாள். கடைசிக் காலையில் ரத்தானால் உங்களுக்கு மறுவாய்ப்பே கிடையாது. முதல் காலைக்கே பதிவு செய்யுங்கள். ரத்தானால் அடுத்து பறக்கும் காலையில் இடம் தரப்படும், இடம் இல்லையெனில் முழுத் தொகையும் இத்தனை நாள்களுக்குள் திரும்பி வரும் என்று எழுத்தில் பெறுங்கள். தொடர்ந்து சில நாள்கள் பறக்கத் தடை இருந்தால் காத்திருப்போர் பெருகிக் கட்டணமும் ஏறிவிடும் என்பதால், 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற வாய்மொழியை நம்ப வேண்டாம்.

பாதி விலை என்பது பெரும்பாலும் வேறொரு பொருளின் விலையாகவே இருக்கும். கூடையில் எத்தனை பேர், காற்றில் எத்தனை நிமிடங்கள், எந்தச் சுற்று என்ற மூன்றையும் கேளுங்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் நிற்கும் பெரிய கூடையும் உண்டு, பன்னிரண்டு முதல் பதினாறு பேர் மட்டும் நிற்கும் கூடையும் உண்டு. வழக்கமான பயணம் சுமார் ஒரு மணி நேரம். விலை கூடியவற்றில் ஒன்றரை மணி நேரம் வரை பறக்கலாம். சுற்று என்பதைப் பலர் கேட்கத் தவறுகிறார்கள்: உதயத்துக்கு முன் கிளம்பும் முதல் சுற்றுக்குப் பிறகு, வெளிச்சம் வந்தபின் கிளம்பும் இரண்டாம் சுற்றும் இருப்பதுண்டு. உதயத்தைக் காணவே பணம் கொடுக்கிறீர்கள் என்பதால் முதல் சுற்று என்று சீட்டிலேயே குறிப்பிடச் செய்யுங்கள். சான்றிதழ், வாழ்த்துப் பானம், புகைப்படம் போன்றவற்றுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 2013 பிப்ரவரியில் எகிப்தின் லக்சரில் பலூன் தீப்பற்றி 19 பேர் இறந்தனர். அதே ஆண்டு மே மாதம் கப்படோக்கியாவிலேயே இரண்டு பலூன்கள் மோதியதில் பயணிகள் உயிரிழந்தனர். 2016 ஜூலையில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மின்கம்பியில் மோதி 16 பேர் இறந்த விபத்தில், மூடுபனியும் தாழ்ந்த மேகமும் இருந்தபோதே பலூனைக் கிளப்பிய ஓட்டியின் முடிவுதான் முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது. எனவே பலூனோட்டி புறப்பட மறுத்தால் அவரை வற்புறுத்தாதீர்கள். ஆணையத்தின் உரிமம் உள்ள நிறுவனத்தின் பெயர் சீட்டில் இருக்க வேண்டும்; 'உள்ளூர் பலூன் நிறுவனம்' என்று மட்டும் எழுதிய சீட்டை ஏற்க வேண்டாம்.

மகனைப் பொறுத்தவரை, பெரும்பாலான நிறுவனங்கள் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை ஏற்றுவதில்லை. முகவர் அவனுக்கும் சேர்த்துக் கட்டணம் கேட்டிருந்தால் அதுவே எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கது. தாயார் விஷயம் இன்னும் கவனமாக முடிவெடுக்க வேண்டியது. கூடைக்குக் கதவு கிடையாது. மார்பளவு உயரத்தை, பக்கவாட்டில் உள்ள துளைகளில் கால் வைத்து ஏறித் தாண்ட வேண்டும். உள்ளே இருக்கை இல்லை. பயணம் முழுவதும் நிற்க வேண்டும். இறங்கும்போது முழங்காலை மடக்கிக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். காற்று சற்றே இழுத்தால் கூடை சாய்ந்து தரையில் உரசுவதும் உண்டு. முழங்கால் வலியுள்ள 68 வயதுப் பெண்மணிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாட்டியும் பேரனும் கோரெமேயில் மேட்டுப்பாங்கான ஓரிடத்தில் நின்று, எரிமலைச் சாம்பல் இறுகிய பாறைக் கூம்புகளுக்கு மேலே பலூன்கள் எழுவதைப் பார்க்கலாம். அதற்குப் பெரிய செலவில்லை.

கேள்வி: பயணக் காப்பீடு எடுத்திருக்கிறேன். பலூனுக்கு அது போதுமா? (அதே வாசகி)

பதில்: பாலிசியின் விலக்குகள் பகுதியைப் படித்துப் பாருங்கள். சாகச விளையாட்டுகளையும், உரிமம் பெற்ற விமான நிறுவனத்தின் பயணியாக அல்லாமல் வேறு வகையில் பறப்பதையும் விலக்கி வைக்கும் பாலிசிகள் பல உள்ளன. 'பலூன் பயணத்துக்கு இந்தக் காப்பீடு பொருந்துமா' என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள்.

கேள்வி: பணம் திரும்ப வராவிட்டால் துருக்கியில்தான் வழக்குப் போட வேண்டுமா? (அதே வாசகி)

பதில்: சென்னை முகவரிடம் பணம் கட்டியிருந்தால் வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டமான திருச்சியின் நுகர்வோர் ஆணையத்திலேயே முகவர் மீது புகார் அளிக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் அளிக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். அன்று பறக்கத் தடை இருந்ததைப் பலூன் நிறுவனத்திடமிருந்து அன்றைக்கே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய பிறகு அதைப் பெறுவது கடினம்.