பெற்றோரைப் போய்ப் பார்க்காவிட்டால் சீனாவில் வழக்குப் போடலாமாமே, உண்மையா? பண்டைச் சீன ஞானி கன்ஃபூசியஸ் சொன்ன பெற்றோர் பக்தியை அரசால் திரும்பக் கொண்டுவர முடிந்ததா?

உண்மைதான். 2012 டிசம்பரில் திருத்தி, 2013 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த முதியோர் உரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. சட்டம் வந்த அன்றே ஜியாங்சு மாகாணத்தின் ஊஷி நகரத்தில் ஒரு தீர்ப்பும் வந்தது. 77 வயதுத் தாயை மகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும், அரசு விடுமுறைகளில் குறைந்தது இரண்டுக்குப் போக வேண்டும் என்றது நீதிமன்றம்.

அந்த இரண்டு மாதக் கணக்கு நீதிமன்றம் போட்டது. சட்டத்தில் இருப்பது ‘அடிக்கடி’ என்ற ஒரே சொல். தனியே வசிக்கும் பெற்றோரை அடிக்கடி பார்க்க வேண்டும் அல்லது நலம் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். ‘அல்லது’ இருப்பதால் தொலைபேசியில் பேசினாலே போதும் என்றும் வாதாடலாம். மீறினால் என்ன தண்டனை என்று அந்தப் பிரிவில் இல்லை. ஷாங்காய் 2016 மே 1 முதல் ஒரு படி மேலே போனது: தீர்ப்பு வந்த பிறகும் போகாத பிள்ளையின் பெயர், கடமை தவறியவர்களைக் குறித்துவைக்கும் நகரத்தின் நம்பகப் பதிவேட்டில் ஏறும்.

பெற்றோருக்குச் சோறு போடும் கடமை அங்கே புதிதல்ல. வளர்ந்த பிள்ளைகள் பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்று 1982 அரசியலமைப்பின் 49ஆம் பிரிவே சொல்கிறது. போய்ப் பார்ப்பதையும் கடமையாக்கியதுதான் புதிது, அதன் வேர் கன்ஃபூசியஸிடம் இருக்கிறது. சோறு போடுவதையே பெற்றோர் பக்தி என்கிறார்களே, நாய்க்கும் குதிரைக்கும்கூடத்தான் தீனி வைக்கிறோம், மரியாதை இல்லாவிட்டால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டவர் அவர். ஆனால் சட்டத்தாலும் தண்டனையாலும் மக்களை நடத்தினால் தப்பிக்கத்தான் பார்ப்பார்கள், வெட்கம் வராது என்று சொன்னவரும் அவரேதான். அவர் பெயரால் நடக்கும் இந்த முயற்சியின் அடிப்படைச் சிக்கலே இதுதான் என்பது என் கருத்து.

இந்தப் பக்திக்குச் சீனத்தில் ‘சியாவ்’ என்று பெயர். அந்த எழுத்தையே பாருங்கள்: மேலே ‘முதியவர்’ என்பதன் பாதி, கீழே ‘பிள்ளை’. பிள்ளை முதியவரைத் தோளில் சுமப்பதுபோல இருக்கும். பழைய காலத்தில் இதைக் கற்பிக்க 24 கதைகள் இருந்தன. பெற்றோரைக் கடிக்காமல் இருக்கட்டும் என்று எட்டு வயதுச் சிறுவன் வெற்றுடம்போடு கொசுக்களுக்கு இரையாகக் கிடப்பான். தாயின் சாப்பாடு குறைகிறதே என்று ஒருவன் மூன்று வயது மகனைப் புதைக்கக் குழி தோண்டுவான். இன்று இவற்றை வைத்து யாருக்கும் பாடம் நடத்த முடியாது. அதனால் 2012 ஆகஸ்டில் அனைத்துச் சீன மகளிர் கூட்டமைப்பும் முதியோர் நல அமைப்பும் சேர்ந்து புதிய 24ஐ வெளியிட்டன: வாரம் ஒருமுறை போன் செய், இணையம் பயன்படுத்தக் கற்றுக்கொடு, உடல் பரிசோதனைக்கு அழைத்துப் போ, காப்பீடு எடுத்துக் கொடு, பழைய படம் பார்க்கக் கூட்டிப் போ, துணையை இழந்தவர் மறுமணம் செய்துகொள்ள ஆதரவாக இரு. கடைசியாகச் சொன்னது பழைய நெறியில் கனவிலும் வராதது. எனக்கு இந்தப் பட்டியலில் பிடித்ததும் அதுதான்.

பள்ளிகளில் இது வேறு வடிவம் எடுத்தது. மைதானத்தில் வரிசையாக நாற்காலி போட்டு, பெற்றோரை உட்காரவைத்து, பிள்ளைகள் பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர் வைத்துக் கால் கழுவிவிடுவார்கள். பார்க்க நெகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் அப்பாவும் அம்மாவும் வேறு மாகாணத்தில் வேலைக்குப் போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளை யார் காலைக் கழுவும்?

சிக்கல் பிள்ளைகளின் மனத்தில் மட்டும் இல்லை. 1980 முதல் 2015 வரை நடந்த ஒற்றைக் குழந்தைக் கொள்கையால் ஒரு தம்பதி நான்கு முதியவர்களைத் தாங்குகிறது. அரசுச் சலுகைகளைச் சொந்த ஊரோடு கட்டிவைக்கும் ‘ஹுகோவ்’ என்ற குடும்பப் பதிவு கிராமத்தில் இருந்ததால், பெற்றோரை நகரத்துக்கே அழைத்துக்கொண்டாலும் அவர்களின் மருத்துவச் செலவைத் திரும்பப் பெறுவது பெரும்பாடாக இருந்தது. சட்டம் வந்த 2013இல் கிராமத்து முதியவருக்கு மத்திய அரசு நிர்ணயித்த அடிப்படை ஓய்வூதியம் மாதம் 55 யுவான். அந்தப் பற்றாக்குறையையும் பிள்ளையின் பக்திதான் ஈடுகட்ட வேண்டியிருந்தது.

இதையெல்லாம்விட முக்கியமானது, பிரச்சாரத்தில் அதிகம் பேசப்படாத 18ஆம் பிரிவின் கடைசி வரி: ஊர் போய்ப் பெற்றோரைப் பார்க்கும் விடுப்பு உரிமைக்கு வேலை கொடுப்பவர் உத்தரவாதம் தர வேண்டும். அந்த விடுப்புக்கான விதி 1981இல் எழுதியது. மணமாகாதவருக்கு ஆண்டுக்கு 20 நாள். மணமானவர் பெற்றோரைப் பார்க்க நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 20 நாள். அதுவும் அரசு அலுவலகங்கள், அரசு நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்குத்தான். தனியார் ஆலைத் தொழிலாளி இதில் வரமாட்டார். அவருக்கு வசந்த விழா என்னும் சீனப் புத்தாண்டு விடுமுறைதான் கதி.

ஹெனான் மாகாணம் 2016இல் எழுதியது நடைமுறைக்கு அருகில் வருகிறது. 60 வயது தாண்டிய பெற்றோர் மருத்துவமனையில் இருந்தால், ஒற்றைப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 20 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு. 2021இல் பெய்ஜிங் 10 வேலை நாட்கள் தந்தது. இதிலும் கோளாறு உண்டு: அந்த நாட்களின் சம்பளம் முதலாளி தலையில் விழுகிறது, அதனால் சிறு நிறுவனங்கள் தட்டிக்கழிக்கின்றன, கேட்டால் வேலைக்கு ஆபத்து என்று தொழிலாளியும் வாய் திறப்பதில்லை. அந்தச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்காதவரை மேலாளரிடம் போய் விடுப்புக் கேட்கும் துணிச்சல் அவருக்கு வராது.