ஏலக்காய் பிரிக்கும் அக்காவுக்கும் அவர் மகளுக்கும்

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை சாயங்காலம் குமுளி ஜீப்பில் இருந்து இறங்கிய கையோடு என்னைப் பார்க்க வந்தீர்கள். பேசி முடிப்பதற்குள் காமயகவுண்டன்பட்டி பஸ் வந்துவிட்டது. விட்டுப்போனதை எழுதுகிறேன். மகளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் பணம். நீங்கள் சொன்ன அந்தப் பயிற்சி நிலையத்துக்கு ஒன்றரை லட்சம் கட்ட வேண்டாம். வளையல் பீரோவிலேயே இருக்கட்டும். "ஆறு மாதத்தில் ஏ.ஐ. இன்ஜினியர், வேலை உறுதி" என்று அச்சடித்த தாளை நம்பி, இரண்டு மாட்டை விற்றுக் கட்டிய ஒரு தகப்பனாரை எனக்குத் தெரியும். மகனுக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழ் மட்டும். அதில் போட்டிருந்த தலைப்புகள் அத்தனையும் என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் இலவசமாக நடத்தும் பாடங்களில் இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் மித்தேஷ் காப்ரா நடத்திய டீப் லேர்னிங் பாடம் ஒன்றை ஒழுங்காகப் படித்து முடிக்கவே உங்கள் மகளுக்குச் சில மாதங்கள் பிடிக்கும். பாடம் பார்க்கக் காசில்லை. சான்றிதழுக்காகத் தேர்வு எழுதினால்தான் கட்டணம்.

இனி நீங்கள் கண் கலங்கிக் கேட்ட கேள்வி. "மத்த பிள்ளைக கோடிங் படிக்குதுக. இது மூணாவது வருசத்துல ஏலக்காயப் போட்டோ புடிச்சு வச்சுக்கிட்டு அழுகுது. படிப்பு தப்பிப் போச்சா தம்பி?"

தப்பவில்லை அக்கா. அவள் எதற்காக அழுகிறாள் என்பது அவளுடைய பேராசிரியரைவிட உங்களுக்குச் சீக்கிரம் புரியும். ஸ்டோரில் காய் உலர்ந்து வந்ததும் அளவைச் சல்லடை பிரித்துவிடும். எட்டு மில்லியா ஏழு மில்லியா என்பதில் தகராறு இல்லை. நிறமும் வெடிப்பும் அப்படியா? அது கண் பார்த்துச் சொல்வது. காலை வெளிச்சத்தில் பிரித்த காயும் ராத்திரி பல்புக்கடியில் பிரித்த காயும் ஒத்துப்போகாது என்று நீங்களே சொன்னீர்கள். அந்தக் கண் வேலையைத்தான் மகள் படங்களைக் காட்டிக் கம்ப்யூட்டருக்குப் பழக்கப் பார்க்கிறாள். அவள் எடுத்த படங்களுக்கு நல்ல பச்சை, வெளிறியது, வெடித்தது என்று குறித்துக் கொடுத்தது மூன்று பேர். அதில் இரண்டு பேர் வேலை முடிந்து களைப்போடு, விளக்கு போட்ட பிறகு உட்கார்ந்தவர்கள். குறித்ததில் பிழை கலந்துவிட்டது. அவள் பயிற்சி கொடுத்த நியூரல் நெட்வொர்க், அதாவது படங்களைப் பார்த்துத் தானாகக் கற்கும் கம்ப்யூட்டர் நிரல், அந்தப் பிழையையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிட்டது. பார்த்த படங்களில் நூற்றுக்கு நூறு வாங்குகிறது, புதுக் காயைக் காட்டினால் தடுமாறுகிறது.

இது அவளுடைய சோம்பலால் வந்ததில்லை. 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், படங்களுக்கு வேண்டுமென்றே கண்டபடி பெயர் ஒட்டி நெட்வொர்க்குக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதையும் அது பிழையில்லாமல் ஒப்பித்தது. உலகமே பரீட்சைத்தாள் போலப் பயன்படுத்தும் 10 டேட்டா தொகுப்புகளின் சோதனைப் பகுதிகளை 2021-ல் அலசியபோது, சராசரியாகக் குறைந்தது 3.3 சதவீதம் லேபிள்கள், அதாவது ஒட்டிய பெயர்கள், தவறு என்று மதிப்பிட்டார்கள். இமேஜ்நெட் என்ற புகழ்பெற்ற படத் தொகுப்பில் குறைந்தது 6 சதவீதம். இவ்வளவு பெரிய இடத்திலேயே இந்த நிலை என்றால், வண்டன்மேட்டுப் பக்கத்து ஸ்டோரில் எடுத்த படங்களில் பிழை இருப்பதில் என்ன ஆச்சரியம்?

அவள் கையில் எடுத்திருக்கும் வழிக்கு நாலெட்ஜ் டிஸ்டில்லேஷன் என்று பெயர். ஒரு நெட்வொர்க் கற்றதை வடித்து இன்னொன்றுக்கு ஊட்டுவது. கற்றுக்கொடுப்பது ஆசிரியர், கற்றுக்கொள்வது மாணவர். 2015-ல் ஜெஃப்ரி ஹின்டன், ஓரியல் வின்யல்ஸ், ஜெஃப் டீன் மூவரும் எழுதிய கட்டுரையால் இந்தப் பெயர் பரவியது. ஹின்டன் 2024-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

உங்கள் பக்கத்தில் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்து உட்காருகிறாள் என்று வையுங்கள். ஒரு காயை எடுத்து "வெளிறியது" என்று மட்டும் சொன்னால் அவள் ஒரு சொல்லைக் கற்பாள். "வெளிறுனதுதான், ஆனா பச்சைக்கு ஒட்டி நிக்குது, வெடிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று சொன்னால்? அந்த ஒரே காயில் மூன்று தரத்துக்கும் உள்ள உறவு அவளுக்குப் பிடிபடும். ஆசிரியர் நெட்வொர்க்கும் இப்படித்தான், வெளிறியதுக்கு 70 பங்கு, பச்சைக்கு 28, வெடித்ததுக்கு 2 என்று பிரித்துச் சொல்லும். மாணவர் நெட்வொர்க் அதைப் பார்த்துக் கற்கும். ஹின்டன் குழு ஒரு சோதனை செய்தது. கையெழுத்து எண்களைக் கற்கும் மாணவருக்கு 3 என்ற எண்ணின் படத்தை ஒன்றுகூடக் காட்டவில்லை. மற்ற எண்களைப் பற்றி ஆசிரியர் சொன்ன பங்குகளை மட்டும் கொடுத்தார்கள். பிறகு ஒரு சிறிய திருத்தம் செய்ததும், மாணவர் சோதனையில் வந்த 3-களில் 98.6 சதவீதத்தைச் சரியாகச் சொன்னது. இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை அக்கா.

பிழையான லேபிள்களுக்கு இது எப்படி உதவும்? குறைவான, ஆனால் சுத்தமாகக் குறித்த படங்களில் ஓர் ஆசிரியரைப் பழக்குவது. பிழை கலந்த பெரிய குவியலில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும், எழுதியிருக்கும் லேபிளையும் ஆசிரியரின் பங்குகளையும் ஒரு விகிதத்தில் கலந்து மாணவருக்குக் கொடுப்பது. எழுதியவர் தவறியிருந்தால் ஆசிரியரின் சந்தேகம் அந்தத் தவறின் வேகத்தைக் குறைக்கும்.

இனி உனக்கு, பாப்பா. ஆசிரியரை அந்த அழுக்குக் குவியலிலேயே பழக்கிவிட்டு, அது மாணவரைத் திருத்தும் என்று எதிர்பார்க்காதே. நெட்வொர்க் பெரும்பாலும் பொதுவான விஷயங்களை முதலில் பிடிக்கும், பிழைகளைப் பிற்பாடுதான் மனப்பாடம் செய்யும். அதனால் ஆசிரியரின் பயிற்சியை எங்கே நிறுத்துகிறாய் என்பது முக்கியம். அதைவிட முக்கியம், உன் பிழை எந்த வகை என்பது. மூன்று பேரும் அங்கங்கே கை தவறியிருந்தால் இந்த முறை தாங்கும். ஒருவர் எப்போதும் வெளிறியதைப் பச்சை என்றே ஏற்றி எழுதியிருந்தால் அது ஒரே பக்கச் சாய்வு. ஆசிரியரும் அதே சாய்வைக் கற்றுக்கொண்டு மாணவருக்குக் கடத்திவிடும். ஒரே இருநூறு காயை மூவரிடமும் தனித்தனியாகக் கொடுத்து, யார் யாரோடு எங்கே முரண்படுகிறார் என்று கட்டம் போட்டுப் பார். நீ இன்னும் அதைச் செய்யவில்லை. மாடலை, அதாவது நெட்வொர்க்கை, மாற்றி மாற்றி ஓட்டிய நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

சோதனைக்கென்று வைக்கும் படங்களைப் பயிற்சிப் பக்கமே காட்டாதே. சாதாரணப் பயிற்சி, சீக்கிரம் நிறுத்திய பயிற்சி, டிஸ்டில்லேஷன் என மூன்றையும் ஒரே சோதனையில், குறைந்தது மூன்று முறை வேறு வேறு தொடக்கத்தில் ஓட்டி, வித்தியாசத்தை அப்படியே எழுது. டிஸ்டில்லேஷன் தோற்றால் தோற்றது என்று எழுது. நேர்முகத்தில் உன்னைத் துருவுகிறவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள்.

வேலை விஷயம், அக்கா. முதல் வேலையே பெரிய ஆராய்ச்சி வேலையாக இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். டேட்டாவைச் சரிபார்ப்பது, மாடலைச் சோதிப்பது என்றுதான் பலருக்கும் தொடங்கும். கோயம்புத்தூரோ கொச்சி இன்ஃபோபார்க் ஐ.டி. வளாகமோ, எதுவும் வீட்டில் இருந்து எட்டாத தூரம் இல்லை. மேலே படிக்க ஆசைப்பட்டால் கேட் நுழைவுத் தேர்வில் 2024 முதல் டேட்டா சயின்ஸுக்கும் ஏ.ஐ.க்கும் தனித் தாள் இருக்கிறது. பாலக்காடு ஐ.ஐ.டி. எல்லைக்கு அந்தப் பக்கம்தான். அதற்கு நிகழ்தகவும் லீனியர் அல்ஜீப்ராவும் கெட்டியாக வேண்டும், அவளுக்கு இப்போது அங்கேதான் தொய்வு.

இன்னொன்று, இங்கே யாரும் கணக்கில் எடுக்காதது. உங்கள் மகளுக்குத் தமிழும் மலையாளமும் காதிலேயே ஊறியிருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் ஏ.ஐ.4பாரத் போன்ற குழுக்கள் இந்திய மொழிகளின் பேச்சைச் சேகரித்து எழுத்தாக்குகின்றன. நம் மலைப்பக்கத்து ஆள் இரண்டு மொழியும் கலந்து பேசினால், கேட்டு எழுதுகிறவர் பிழை விடுவார். அதுவும் இவள் இன்று மல்லுக்கட்டும் அதே பிரச்சினைதான். இரண்டையும் கேட்டுப் பிரிக்கத் தெரிந்த பிள்ளை இந்த வேலைக்கு எளிதில் கிடைப்பதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தோட்டத்துக்குப் போக வேண்டாம். காலை ஒன்பது மணிக்குத் திண்ணையில் வெள்ளைத் துணி விரித்து உட்காருங்கள். அவள் படம் எடுத்த காய்களில் முன்னூறை எண்ணி வைக்கட்டும். பழைய குறிப்பை உங்களுக்குக் காட்டக் கூடாது. நீங்கள் பிரியுங்கள், அவள் எழுதட்டும், வெயில் சாய்வதற்குள் முடித்துவிடுங்கள். சந்தேகமான காயைத் தனியாக வைத்து, ஏன் சந்தேகம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அதையும் அவள் எழுதிக்கொள்ளட்டும். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாகத் திங்கட்கிழமை சாயங்காலம் வாருங்கள்.