மழை நாளில் மட்டும் நிற்கும் மரக் கடிகாரம்

வெயில் நாளில் ஓடும் உங்கள் மரக் கடிகாரம் மழை பிடித்தால் நின்றுவிடுகிறது, பெண்டுலத்தை எவ்வளவு திருத்தியும் பலனில்லை என்கிறீர்கள். பெண்டுலத்தை விடுங்கள், எனக்குச் சந்தேகம் மரப் பல்சக்கரத்தின் மேல்தான். ஒரே பலகையில் அறுத்ததா? ஈரம் ஏறினால் மரம் ரேகைக்கு, அதாவது மரத்தின் இழை ஓடும் திசைக்கு, குறுக்கே உப்பும். ரேகையின் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. வட்டம் முட்டை வடிவமாகி, ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் பற்கள் இறுகும். மழை நாளில் வெர்னியர் காலிப்பரால் (நுட்பமாக அளக்கும் கருவி) சக்கரத்தின் விட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் அளந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

வார்னிஷ் அடித்தால் ஈரம் ஏறத் தாமதமாகும், அவ்வளவுதான். சக்கரத்தை பிர்ச் மர ப்ளைவுட்டில் மறுபடி அறுங்கள். அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் வட்டம் வட்டமாகவே இருக்கும். அப்புறம், பற்களுக்கு எண்ணெய் போட்டுவிடாதீர்கள், தூசி அப்பிக்கொள்ளும்.