தேதி தொலையாமல் குடும்பப் படங்களைக் கோப்புறைகளில் அடுக்குவது: கேள்வி பதில்

கைப்பேசியிலும் இணையச் சேமிப்பிலும் சேர்ந்து கிடக்கும் குடும்பப் படங்களையும் வீடியோக்களையும் வெளியே எடுத்து, ஒழுங்காகப் பிரித்து வீட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் வேலூர் வட்டாரத்திலிருந்து கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சத்துவாச்சாரியிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, கூகுள் ஃபோட்டோஸில் இருந்த பத்தாண்டுப் படங்களை, கூகுளில் உள்ளதை மொத்தமாக இறக்கித் தரும் டேக்அவுட் வசதி மூலம் இறக்கினேன். ஜிப் கோப்புகளைப் பிரித்துப் பார்த்தால் எல்லாப் படங்களுக்கும் இன்றைய தேதியே காட்டுகிறது. படங்களோடு ஜேசன் என்று சிறு சிறு கோப்புகளும் வந்திருக்கின்றன. அவற்றை அழித்துவிடலாமா?

பதில்: அழித்துவிடாதீர்கள், அம்மா. நீங்கள் பார்ப்பது கோப்பு உங்கள் கணினிக்கு வந்து சேர்ந்த தேதி. படம் எடுத்த தேதி வேறு. கேமராவோ கைப்பேசியோ அதைப் படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் என்ற குறிப்பாகப் பதிந்து வைத்திருக்கும். ஆனால் கூகுள் ஃபோட்டோஸுக்குள் நீங்கள் பிறகு திருத்திய தேதி, சேர்த்த இடம், எழுதிய விளக்கம் ஆகியவை படத்துக்குள் போகாமல் அந்த ஜேசன் கோப்பில் மட்டுமே இருக்கும். ஆகவே எல்லா ஜிப் கோப்புகளையும் முதலில் ஒரே கோப்புறையில் பிரித்துக்கொள்ளுங்கள். படம் ஒரு ஜிப்பிலும் அதன் ஜேசன் இன்னொன்றிலும் வருவது உண்டு. பிறகு எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரலைக் கொண்டு ஜேசனில் உள்ள தேதியைப் படத்துக்குள் எழுதிவிட்டு, அதன் பின்னரே கோப்புறைகளைப் பிரிக்க வேண்டும். ஜேசனில் உள்ள நேரம் உலகப் பொது நேரம் என்பதால், படத்துக்குள் எழுதும்போது அது ஐந்தரை மணி நேரம் கூடி நம் ஊர் நேரமாக மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆல்பத்தில் சேர்த்த படம் ஆண்டுக் கோப்புறையிலும் ஆல்பக் கோப்புறையிலுமாக இரண்டு முறை வரும். இரட்டைப்படி கண்டு அஞ்ச வேண்டாம். டேக்அவுட் தரும் இறக்குவதற்கான இணைப்பு ஒரு வாரம் போலத்தான் உயிரோடு இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

குடியாத்தத்திலிருந்து ஓர் அன்பர்: வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்காக விடியுமுன்பே தெருவில் நின்று படமும் வீடியோவும் எடுத்தேன். தேதிவாரியாகப் பிரித்தபோது படங்கள் மே 15 கோப்புறையிலும், அதே நேரத்தில் எடுத்த வீடியோக்கள் மே 14 கோப்புறையிலும் போய் உட்கார்ந்துகொண்டன. கைப்பேசி பழுதா?

பதில்: கைப்பேசியில் பழுது இல்லை. பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். படத்துக்குள் பதிவாவது நம் ஊர்க் கடிகார நேரம். எம்பி4, எம்ஓவி வீடியோக்களுக்குள் பதிவாவதோ, அந்த வடிவத்தின் விதிப்படி, உலகப் பொது நேரம். அது நம்முடையதைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. அதிகாலை 4.40-க்கு நீங்கள் எடுத்த வீடியோவுக்குள் முந்தைய நாள் இரவு 11.10 என்றுதான் எழுதியிருக்கும். பிரிக்கும் நிரல் அதை அப்படியே நம்பினால் வீடியோ முந்தைய நாளுக்குப் போய்விடும். விடியற்கால முகூர்த்தத்தில் நடந்த கல்யாணம் என்றால், தாலி கட்டும் படம் ஒரு நாளிலும் அதன் வீடியோ முந்தைய நாள் நிச்சயதார்த்தத்தோடும் கிடக்கும்.

காலை ஐந்தரைக்குப் பிறகு எடுத்தவற்றில் தேதி சரியாக இருப்பதால் பிழை கண்ணில் படாது. ஆனால் வரிசை குலைந்திருக்கும். காலை 7 மணி வீடியோ, நள்ளிரவு 1.30-க்கு எடுத்ததாக எல்லாப் படங்களுக்கும் முன்னால் போய் நிற்கும்.

எக்ஸிஃப்டூலில் க்விக்டைம்யூடிசி என்றொரு விருப்பம் உண்டு. கணினியின் நேர மண்டலம் இந்தியாவாக இருக்க, அந்த விருப்பத்தோடு பிரித்தால் வீடியோ சரியான நாளுக்கு வந்துவிடும். ஆனால் பழைய டிஜிட்டல் கேமராக்கள் பல, விதியை மீறி வீடியோவிலும் ஊர் நேரத்தையே எழுதின. அவற்றுக்கும் சேர்த்து இதைச் செய்தால் சரியாக இருந்ததும் கெட்டுவிடும். எனவே ஒவ்வொரு கருவியின் வீடியோக்களையும் தனியாக வைத்து, எடுத்த நேரம் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை முதலில் சோதித்துப் பாருங்கள்.

காட்பாடியிலிருந்து ஒருவர்: வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்கு என்ன செய்வது?

பதில்: அவற்றில் எக்ஸிஃப் குறிப்பு நீங்கிவிடுகிறது. கோப்பின் பெயரில் இருக்கும் 20190414 போன்ற எண் படம் உங்களுக்கு வந்த நாளைத்தான் காட்டும். தனிக் கோப்புறையில் வையுங்கள். முக்கியமான படமென்றால், எடுத்தவரிடம் கேட்டு ஆவணமாக அனுப்பச் சொல்லி மூலத்தையே பெறுங்கள்.

வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு வாசகர்: அப்பா காலத்துப் படங்களை ஸ்கேன் செய்தேன். எல்லாவற்றுக்கும் ஸ்கேன் செய்த நாளே தேதியாக நிற்கிறது. கோப்புறைகளுக்கு மாவட்டப் பெயர் வைக்கலாமா?

பதில்: மாவட்டப் பெயர் வேண்டாம், ஊர்ப் பெயர் வையுங்கள். உங்கள் வாலாஜாபேட்டையே வடஆற்காட்டில் இருந்து, வேலூர் மாவட்டத்துக்குள் வந்து, 2019-இல் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது. ஊர் அங்கேயேதான் இருக்கிறது.

தேதிக்குப் படத்தின் பின்புறத்தைப் பாருங்கள். முடிந்தால் அதையும் ஸ்கேன் செய்து படத்தோடு சேர்த்தே வையுங்கள். என்னிடம் ஒரு படம் இருக்கிறது. பின்பக்கத்தில் ஊதா மையில் ஸ்டுடியோ முத்திரை, ஊர்ப் பெயருக்குக் கீழே ‘வ.ஆ. மாவட்டம்’, ஓரத்தில் பென்சிலால் ‘சின்னவன், 2 வயசு’. வடஆற்காடு 1989-இல் வடஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர் என்று இரண்டாகப் பிரிந்தது. ஆகவே படம் அதற்கு முந்தியதாக இருக்கலாம் என்று ஒரு திக்குக் கிடைத்தது. பழைய முத்திரையையே வெகுநாள் குத்தியிருக்கவும் கூடும் என்பதால் அதை மட்டும் நம்பவில்லை. சித்தப்பா பிறந்த ஆண்டோடு இரண்டைக் கூட்டியபோதுதான் ஆண்டு உறுதியானது.

ஆண்டு மட்டும் தெரிந்தால் ‘1984-00-00 ஆற்காடு சின்னவன்’ என்பது போலப் பெயரிடுங்கள். தெரியாத மாதத்தை ஊகித்து எழுதினால், பத்தாண்டு கழித்து நீங்களே அதை உண்மை என்று நம்பிவிடுவீர்கள். முழுத் தேதியும் தெரிந்தவற்றுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையே வேண்டும். அப்போதுதான் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாக அமையும்.

ஆற்காட்டிலிருந்து ஓர் அம்மா: பென்டிரைவில் இடம் இருந்தும் கல்யாண வீடியோ ஏறவில்லையே?

பதில்: அந்தப் பென்டிரைவ் ஃபேட்32 என்ற கோப்புச் சேமிப்பு முறையில் இருக்கும், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு நிற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதால், இருப்பதை முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

ஆம்பூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, எல்லாம் அடுக்கிய பிறகு இணையத்தில் உள்ளதை எப்போது அழிக்கலாம்?

பதில்: இரண்டு ஹார்டு டிஸ்குகளில் பிரதி எடுத்து, ஒன்று உங்கள் வீட்டிலும் மற்றொன்று உறவினர் வீட்டிலும் இருக்கும் வரை அழிக்க வேண்டாம், தம்பி. அதன் பிறகும், ஆண்டுவாரியாக இணையத்தில் உள்ள எண்ணிக்கையையும் வட்டில் உள்ள எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டிலிருந்தும் நான்கைந்து படங்களையும், நீளமான வீடியோ ஒன்றைக் கடைசி நிமிடம் வரையிலும் திறந்து பாருங்கள். பிரதி எடுக்கையில் கேபிள் ஆடி அறுபட்ட வீடியோ, முதல் நிமிடத்தில் நன்றாகவே ஓடும்.