18 புத்தகம் வாங்கும் முன்

மூன்று பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்க எந்த லெவல் புத்தகங்களை வாங்கலாம் என்று கேட்டு நீங்கள் அனுப்பிய பட்டியல் கிடைத்தது. 12 வயதுப் பெரியவனுக்கு ஏழாம் லெவல், 9 வயது மகளுக்கு நான்காம் லெவல், 6 வயதுக் கடைக்குட்டிக்கு முதல் லெவல். ஆளுக்கு ஆறு பாடம், ஆக மொத்தம் 18 புத்தகம். பாடத்துக்கு அரை மணி நேரம் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாலே ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ஆகிறது. மூன்றாவது வாரத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் நீங்கள் சோர்ந்துவிடுவீர்கள். அதனால் ஆர்டரைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

வயதுக்கு ஒரு வகுப்பு என்பது பள்ளிக்கூடத்தின் தேவை. ஒரே ஆசிரியர் ஒரு அறை நிறையப் பிள்ளைகளைச் சமாளிக்க வேண்டுமே! வீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒரே பிள்ளை கணக்கில் ஐந்தாம் லெவலிலும் வாசிப்பில் எட்டாம் லெவலிலும் இருக்கலாம், அதில் கோளாறு ஒன்றும் இல்லை. தவிர, லெவல் எண் என்பது ஒவ்வொரு பதிப்பகமும் தன் போக்கில் போடுவது. ஒருவருடைய நான்காம் புத்தகம் பின்னத்துக்குள் பாதி தூரம் போயிருக்கும். இன்னொருவருடையது அப்போதுதான் நீள்வகுத்தலைத் தொட்டிருக்கும். அட்டையை விட்டுவிட்டுப் பொருளடக்கத்தைப் படியுங்கள்.

கணக்கும் எழுத்து வாசிப்பும் ஏணி மாதிரி. கீழ்ப்படி ஆடினால் மேல்படியில் நிற்க முடியாது. இந்த இரண்டுக்கும் ஆளுக்கொரு புத்தகம் வேண்டும். அறிவியலும் வரலாறும் அப்படி இல்லை. எகிப்தைப் படித்துவிட்டுத்தான் ரோமுக்குப் போக வேண்டும் என்று ஒரு சட்டமும் கிடையாது. மூவரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே தலைப்பை நடத்தலாம், ஒவ்வொருவரிடமும் எதிர்பார்ப்பது மட்டும் மாறும்.

ஒளிச்சேர்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொட்டிச் செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்துவிட்டு, ஒரு இலையின் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடிச் சில மணி நேரம் வெயிலில் வையுங்கள். அப்புறம் இலையைப் பறித்து, சூடான ஆல்கஹாலில் பச்சையத்தை நீக்கி அயோடின் சொட்டினால், வெயில் பட்ட பாதி கருநீலமாகும், மூடிய பாதி ஆகாது. (ஆல்கஹாலை அடுப்புத் தீயில் காட்டாதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும், அதையும் நீங்களே செய்யுங்கள்.) கடைக்குட்டி இலையை வரைந்து வண்ணம் தீட்டட்டும். நடுவுள்ளவள் என்ன செய்தோம், என்ன நடந்தது என்று ஒரு பத்தி எழுதட்டும். பெரியவன் சமன்பாட்டை எழுதி, இருட்டில் எதற்காக வைத்தோம் என்று காரணம் சொல்லட்டும். செடி ஒன்று, பாடம் மூன்று. ஓவியத்துக்கும் இசைக்கும் லெவலைத் தேடி அலையவே வேண்டாம்.

சரி, கணக்கில் எங்கே தொடங்குவது? பிள்ளை எந்த லெவலில் தொடங்கலாம் என்று காட்டும் பிளேஸ்மெண்ட் டெஸ்டைப் பல பதிப்பகங்கள் தருகின்றன. அதை எழுதும்போது நீங்கள் அறையில் இல்லாமல் இருப்பது நல்லது. அம்மாவின் புருவம் அசைவதே பிள்ளைக்குக் குறிப்பாகிவிடும். மதிப்பெண்ணைவிடத் தவறு எந்த இடத்தில் வந்தது என்பதுதான் முக்கியம். பின்னத்தில் தடுமாறுகிறான் என்று என்னிடம் வரும் பிள்ளைகளில் பலருக்குப் பின்னம் புரிந்தே இருக்கும், ஏழாம் எட்டாம் வாய்ப்பாடுதான் வராது. அவர்களுக்கு ஒரு லெவல் கீழே இறங்கும் வேலை இல்லை, தினமும் பத்து நிமிடம் வாய்ப்பாடு போதும். இரண்டு லெவலுக்கு நடுவில் நின்றால் கீழ் லெவலை எடுங்கள். தெரிந்ததை வேகமாகத் தாண்டிவிடலாம்.

வாசிப்புக்கு ஒரு பழைய அளவு இருக்கிறது. எம்மட் பெட்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1946இல் வகுத்தது. 100 சொல் உள்ள பத்தியில் 99 சொல்லைச் சரியாக வாசித்தால் பிள்ளை அதைத் தனியாகப் படிக்கலாம். 95 என்றால் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். 90க்குக் கீழே போனால் புத்தகம் அவனுக்கு எரிச்சலைத்தான் தரும். இது ஆங்கில வாசிப்புக்காக வந்த அளவு. தமிழில் ஒரே சொல்லுக்குள் ஒரு வாக்கியமே ஒளிந்திருக்கும் என்பதால், தமிழ்ப் புத்தகத்துக்குக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். வாசித்ததைத் திருப்பிச் சொல்லவும் சொல்லுங்கள். மளமளவென்று வாசித்துவிட்டு ஒன்றுமே புரியாமல் நிற்கும் பிள்ளைகளும் உண்டு.

இப்போது, கடைசியில் தயங்கித் தயங்கி நீங்கள் எழுதிய விஷயம். கணக்கு டெஸ்டில் மகளும் அண்ணனும் ஒரே லெவலில் வந்திருக்கிறார்கள், ஒரே புத்தகத்தில் உட்கார வைத்தால் வேலை மிச்சம்தானே என்கிறீர்கள். வேண்டாம், அம்மா. மூன்று வயது இளைய தங்கை தனக்கு முன்னால் விடையைச் சொல்லிவிடுவதை ஒரு பையன் நாலு நாள் தாங்குவான். ஐந்தாம் நாள் 'எனக்குக் கணக்கு வராது' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வான். 16, 17 வயதில் என் எதிரே உட்கார்ந்து, கணக்கு இல்லாத படிப்பாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், சிலர் கதையில் இப்படி ஒரு தம்பியோ தங்கையோ வருவதுண்டு. அதற்காக மகளைப் பிடித்து நிறுத்துவதும் அநியாயம். இருவருக்கும் வேறு வேறு பதிப்பகத்தின் புத்தகம் வாங்குங்கள், வேறு வேறு நேரத்தில் நடத்துங்கள். அட்டையில் லெவல் எண் பெரிதாக இருந்தால் மேலே ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். சின்னத் தந்திரம்தான், ஆனால் பலிக்கும்.

பெரியவன் விஷயத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இன்னும் ஓரிரண்டு வருடத்தில் அவனுக்கு லெவலைவிடத் தேர்வுதான் பெரிதாகும். உதாரணமாக, கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ என்ற சர்வதேசப் பள்ளித் தேர்வு பெரும்பாலும் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கானது. அதைத் தனித்தேர்வராக எழுதலாம், ஆனால் எல்லா மையங்களும் தனித்தேர்வர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியலில் ஆய்வகத்துக்குப் பதிலாக எழுதும் தாள் ஒன்று உண்டு, வீட்டில் படிப்பவர்களுக்கு அது வசதி. நீங்கள் எந்தத் தேர்வை நினைத்தாலும் அதன் பாடத்திட்டத்தை இப்போதே எடுத்து வைத்துக்கொண்டு பின்னோக்கி வாருங்கள். இயற்கணிதம் தொடங்கும் முன் பின்னமும் எதிர்மறை எண்களும் கைக்கு வந்திருக்க வேண்டும். அவன் இப்போது தங்கையின் லெவலில் நிற்கிறான் என்றால், இந்த ஒரு வருடம் மற்ற பாடங்களைக் குறைத்துக் கணக்குக்கு நேரம் கொடுங்கள். வரலாறு காத்திருக்கும்.

இருவருடைய டெஸ்ட் தாளையும், மதிப்பெண்ணை மட்டும் சொல்லாமல், தவறாகப் போட்ட கணக்குகளின் வழிமுறை தெரியும்படி படமெடுத்து அனுப்புங்கள். பெரியவனுடையதை முதலில் பார்க்கிறேன்.