நாற்பதை நெருங்கும் வயதில் சைக்கிள் ஓட்ட ஆரம்பிக்கலாமா? அலுவலகத்துக்கும் அதிலேயே போய்வர முடியுமா? எடை குறையுமா?

தாராளமாக ஆரம்பிக்கலாம். பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை விட்ட நானும் கிட்டத்தட்ட உங்கள் வயதில்தான் திரும்ப ஏறினேன். உடற்பயிற்சிக்கென்று தனியாக நேரம் ஒதுக்காமல் வேலைக்குப் போகும் பயணத்தையே பயிற்சியாக்கியதால்தான் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அதிகாலைப் பயிற்சியைத் தள்ளிப்போட ஆயிரம் காரணம் கிடைக்கும்; வேலைக்குப் போகாமல் இருக்க முடியாதே.

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அலுவலகம் 5 கிலோமீட்டர் என்றால், நிதானமாக மிதித்தாலே 20 நிமிடம். போக, வர, ஐந்து நாள்: 200 நிமிடம் ஆகிவிட்டது. பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை வைத்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போனவர்களுக்கு அகால மரண அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. ஏற்கெனவே திடமாக இருப்பவர்கள்தானே சைக்கிளை எடுப்பார்கள் என்று தோன்றலாம். நியாயமான சந்தேகம்தான், இந்த வகை ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிர, காரணத்தை நிரூபிக்காது.

விலை உயர்ந்த சைக்கிளா என்பதைவிட சீட்டின் உயரம் சரியா என்று பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் அளவு. சீட் தாழ்வாக இருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். அதிக உயரமானால் பின்பக்கம் இழுக்கும். நின்றால் இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்று சீட்டை இறக்கி வைப்பவர்கள்தான் அதிகம், பிறகு "சைக்கிள் முட்டிக்கு ஆகாது" என்பார்கள்! உள்ளங்கை மரத்துப்போனால் உடல் எடை கையில் இறங்குகிறது என்று அர்த்தம். முழங்கையை விறைப்பாக வைக்காதீர்கள்.

கியரில் புதியவர்கள் செய்வது, கனமான கியரைப் போட்டு மூச்சுத் திணற அழுத்துவது. இலகுவான கியரில் நிமிடத்துக்கு 70, 80 சுற்று சுற்றுவது மூட்டுக்கு நல்லது. ஏற்றம் வருமுன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். முன்னால் ஸ்பிரிங் வைத்த, முரட்டு டயர் சைக்கிள் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். தார்ச்சாலையில் உங்கள் உழைப்பைத்தான் தின்னும்.

வியர்வையைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். மெதுவாகப் போங்கள், பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் வையுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மாற்றுச் சட்டை ஒன்று அலுவலகத்திலேயே இருக்கட்டும்.

சாலையில் எனக்குப் பெரிய பயம் ஓடுகிற கார் இல்லை, நிற்கிற கார். எந்த நொடியில் கதவு திறக்கும் என்று தெரியாது. ஒரு மீட்டராவது தள்ளியே போகிறேன். இருட்டினால் முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு கட்டாயம்.

எடை விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். மிதித்தால் நன்றாகப் பசிக்கும், செலவழித்ததைத் தட்டு திருப்பிக் கொடுத்துவிடும். எனக்கு முதலில் தெரிந்த மாற்றம் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காததுதான். இன்னொன்று, உட்கார்ந்தே ஓட்டுவதால் எலும்புக்குச் சைக்கிளால் பெரிய பலன் கிடையாது. அதற்காக வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்குகிறேன்.